கூட்டக் கூடாத எண்கள்

மனசிலாச்சா என்று வசுமதி மகளைக் கேட்டது போன வாரத்தில் ஒரு நாள், வியாழனா வெள்ளியா என்றுகூடத் தண்டபாணிக்கு இப்போது நிச்சயமில்லை, ஆனால் அந்தச் சொல் மட்டும் பல்லிடுக்கில் மாட்டிய கறிவேப்பிலைக் காம்பு மாதிரி அன்றிலிருந்து உள்ளே உட்கார்ந்துகொண்டு உறுத்துகிறது. பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கீழே இருக்கறதைக் கூட்டக்கூடாது கண்ணு, மேலே இருக்கறதைத்தான் கூட்டணும், மனசிலாச்சா? மகள் இனியா தலையை ஆட்டிவிட்டாள். குழந்தைக்கு எல்லாச் சொல்லும் ஒன்றுதான். இவனுக்குத்தான் கையிலிருந்த காபி ஆறிப்போயிற்று. சூலூரில் பிறந்து, கோயம்புத்தூரிலேயே படித்து, கோயம்புத்தூரிலேயே வாழ்க்கைப்பட்ட ஒருத்தியின் வாயில் அந்தச் சொல் எந்த வழியாக ஏறியது? இந்தப் பக்கம் புரிஞ்சுதா என்பார்கள், வெளங்குச்சா என்பார்கள், கோபம் வந்தால் மண்டைல ஏறுச்சா என்பார்கள். மனசிலாச்சா என்று கேட்கிற ஆள் அவர்கள் இருவருக்கும் தெரிந்து ஒரே ஒருவன்தான், நாகர்கோவிலிலிருந்து வந்திருக்கிற ரெஜின், வசுமதியின் டீமில் இந்த வருஷம் சேர்ந்த புதுப் பையன். ஆபீசில் இருக்கிற சொல் ஆபீசிலேயே இருக்க வேண்டாமா? அது பஸ் ஏறி, லிஃப்ட் ஏறி, செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டு ஹாலுக்குள் வந்து, இவன் பெண்ணின் கணக்கு நோட்டுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளுமா? அவன் வாய் திறக்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள், ஒரு சொல்லுக்கா இவ்வளவு என்பாள், சிரிப்பாள், அந்தச் சிரிப்பு இப்போதெல்லாம் முன்னைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கிறது, அது எங்கே போய் நீண்டது என்று அடுத்த கேள்வி வரும், எதற்கு வம்பு.

இப்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம். தண்டபாணி அதே ஆபீசில் தன் கண்ணாடி அறைக்குள் தனியாக உட்கார்ந்திருந்தான். முன்னால் இரண்டு திரைகள், பக்கத்தில் திறக்காத டிபன் பாக்ஸ், உள்ளே பீன்ஸ் பொரியல் என்று வாசனையே சொல்லிவிட்டது. காலையில் ஒரே வாணலியிலிருந்து அவனுக்குப் பாதி, அவளுக்குப் பாதி. இன்றைக்கு வேலை இருக்கிறது, நீ போய்ச் சாப்பிடு என்று சொன்னது இவன்தான், சொல்லிவிட்டு அவள் போவாளா, இல்லை நானும் இங்கேயே சாப்பிடுகிறேன் என்பாளா என்று பார்த்துக்கொண்டிருந்ததும் இவன்தான், அவள் சரிங்க என்று போய்விட்டாள். கண்ணாடிக்கு அப்பால் கேன்டீனின் நீள மேஜை முழுசாகத் தெரிகிறது. இந்தக் கண்ணாடியை யார் வைத்தார்களோ, அவர்கள் வீட்டில் சண்டையே வந்ததில்லை போல. வசுமதி இந்தப் பக்கம் முகம் வைத்து உட்கார்ந்திருக்கிறாள், எதிரே ரெஜின், பக்கத்தில் இன்னும் இரண்டு பெண்கள், அவர்களை இவன் கண் பார்க்கவே இல்லை. பொரியலை எடுத்து ரெஜினின் மூடியில் வைக்கிறாள். ஒரு கரண்டி. இன்னொரு கரண்டி. வீட்டில் இரண்டாவது கரண்டிக்குக் கேட்டு வாங்க வேண்டும், இங்கே கேட்காமலே விழுகிறது. அக்கா அக்கா என்று கூப்பிடுகிற பையன்தானே என்று யாரும் ஆறுதல் சொல்ல வர வேண்டாம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கம்பெனியில், அந்தப் பொண்ணு எனக்குத் தங்கச்சி மாதிரிங்க சார் என்று மேனேஜரிடம் சொல்லிக்கொண்டுதான் இந்தத் தண்டபாணியும் அவளோடு டீ குடிக்கப் போனான்.

கம்பெனி என்றால், கல்யாண மண்டபங்களை இணையத்தில் பிடித்துக்கொடுக்கிற கம்பெனி. வசுமதியின் டீம் அந்தத் தளத்தை எழுதுகிறது, அது படுக்காமல் ஓடுகிறதா என்று பார்க்கிற பொறுப்பு தண்டபாணியுடையது. இன்று காலை படுத்துவிட்டது. முழுசாக இல்லை, முனகிக்கொண்டு கிடந்தது. வைகாசி முகூர்த்தம், ஊரே ஒரே தேதியைப் பிடிக்க ஓடி வருகிற நேரம், மேனேஜர் சாந்தகுமார் கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே விட்டு, "என்னாச்சு தண்டபாணி? சாப்பாட்டுக்கு அப்பறம் எனக்கு ஒரு மெயில் போட்ருங்க, ஏன்னு தெரியணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் திரும்பி வந்து, "ரெஜின் போன வாரம் ஏதோ மாத்தினானே, அதுனாலயா பாருங்க, சாயங்காலம் அவன் கன்ஃபர்மேஷன் மீட்டிங் இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நெருப்புப் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு அதற்குப் பிறகு நடப்பது எதுவும் தெரியாது. பையன் தேறினானா இல்லையா என்பது சாயங்காலம் முடிவாகும், தேறவில்லை என்றால் நாகர்கோவில் ரயில், அது முடிவாகப்போவது இவன் எழுதுகிற மெயிலில். தண்டபாணிக்கு உள்ளங்கை வியர்த்தது. சந்தோஷத்தில் வியர்த்தது என்று சொன்னால் அவன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

திரையில் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. வெப் சர்வர் என்பது ஒற்றை ஆள் இல்லை, முதலில் ஒரு தலைமைப் புராசஸ் கிளம்பும், அது தன்னைப் போலவே பல வேலையாட்களைப் பிரித்துவிடும், வொர்க்கர் என்று பெயர், மண்டபம் தேடி வருகிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு வொர்க்கர் போய்க் கைகட்டி நிற்கும். அது ஒவ்வொன்றுக்கும் நேராக, எவ்வளவு நினைவகம் வைத்திருக்கிறது என்று ஓர் எண். போன வாரம் வரைக்கும் சின்னதாக இருந்த எண்கள் இப்போது ஒவ்வொன்றும் ஊதிக் கிடக்கின்றன. ரெஜின் செய்தது அதுதான். முன்பெல்லாம் மண்டபப் பட்டியலை ஒவ்வொரு வொர்க்கரும் கேட்கக் கேட்கத் தனித்தனியாக எடுத்து வைத்துக்கொள்ளும், அவன் அதை மொத்தமாக, பிரிவதற்கு முன்பே, தலைமைப் புராசஸில் ஒரே தடவை ஏற்றிவிட்டான். அப்படி ஏற்றியது எல்லாருக்கும் பொது, நினைவகத்தில் ஒரே இடத்தில்தான் கிடக்கும். ஆனால் எண் காட்டும்போது மட்டும் ஒவ்வொரு வொர்க்கரும் அந்தப் பொதுச் சொத்து முழுவதையும் தன்னுடையது என்று சேர்த்துக் காட்டும். அதனால் அந்த எண்களை வரிசையாகக் கூட்டக் கூடாது. கூட்டினால் ஒரே பொருளை இருபது வொர்க்கருக்கு இருபது தடவை எண்ணிய கணக்காகும். இது தண்டபாணிக்குத் தெரியுமா என்றால், இந்தக் கட்டடத்தில் இதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். வசுமதிக்கும் அவன்தான் சொல்லிக்கொடுத்தான், அவிநாசி ரோட்டு டீக்கடையில், அப்போது மேம்பாலம் கிடையாது, வண்டிப் புகையும் இஞ்சி வாசனையும் சேர்ந்து அடிக்க, அவள் பழுப்புச் சுடிதாரில் நின்றுகொண்டு ஏன் சார் கூட்டக்கூடாது என்று கேட்டபோது இவனுக்கு எங்கிருந்துதான் வந்ததோ, மாப்பிள்ளை வீட்டுல மண்டபம் புடிச்சாச்சுங்கறாங்க, பொண்ணு வீட்டுலயும் மண்டபம் புடிச்சாச்சுங்கறாங்க, ரெண்டையும் கூட்டி ரெண்டு மண்டபம்னு சொல்லுவீங்களா என்றான். அவள் சிரித்தாள். டீ மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வர, கையை ஆட்டிக்கொண்டே சிரித்தாள். அந்த நிமிஷத்தில்தான் இவன் கவிழ்ந்தான். அந்த மண்டபத்தை அவன் அதற்குப் பிறகு வேறு யாருக்கும் வாடகைக்கு விட்டதில்லை, புதிதாக வருகிறவர்களுக்கு வேறு வேறு உதாரணங்கள் சொன்னான், வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடைத் தராசு, எதையாவது சொன்னான், மண்டபம் மட்டும் அவளுக்கும் தனக்கும் என்று பூட்டி வைத்திருந்தான். நேற்று தண்ணீர் பிடிக்கப் போனவன் காதில் விழுகிறது, வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்று அவள் ரெஜினிடம் சொல்கிறாள், மாப்பிள்ளை வீட்டுல மண்டபம் புடிச்சாச்சுங்கறாங்க. அதே ஏற்றம், அதே இறக்கம். ரெண்டு மண்டபம்னு சொல்லுவியா? ஓ, மனசிலாச்சுக்கா, மனசிலாச்சு என்று அவன் பலகையில் தட்டிச் சிரித்தான், அவளும் சிரித்தாள், இவன் பாட்டில் நிரம்பி வழிந்து கையை நனைத்து சட்டைக் கைக்குள் போனது.

சட்டை காய்ந்துவிட்டது, காதில் விழுந்தது காயவில்லை. எப்படிக் கொடுத்தாள், எப்படித் தூக்கிக் கொடுக்க முடிந்தது, ஒரு வார்த்தை இது எங்க வீட்டுக்காரர் சொன்னது என்று சொன்னாளா, சொல்லவில்லை, தன்னுடையது மாதிரிச் சொன்னாள். ஒருவேளை அவளுக்கு நினைவே இல்லையோ. பொது நினைவகம் பொதுவாக இருப்பதெல்லாம் யாரும் அதில் எழுதாத வரைக்கும்தான், ஒரு வொர்க்கர் ஒரு பக்கத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் சிஸ்டம் அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒரு நகல் எடுத்து அதன் கையில் கொடுத்துவிடும், மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது, அவர்கள் பழைய பக்கத்தையே பார்த்துக்கொண்டு பொதுவில்தான் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். அவள் நினைவில் இருக்கிற டீக்கடையில் யார் நிற்கிறார்கள்? மழை பெய்கிறதா அங்கே? இவனுடையதில் மழை இல்லை. ஒரு தடவை, இனியா பிறந்த புதிதில், அன்னைக்கு மழையில நனைஞ்சுட்டே டீ குடிச்சோமே என்று அவள் சொன்னாள், இவன் மழை இல்லையே என்றான், இருந்துது என்றாள், சரி விடு என்று விட்டுவிட்டான். விட்டிருக்கக் கூடாது. அன்றைக்கே அவள் எழுத ஆரம்பித்துவிட்டாள். இப்போது அங்கே மழையும் பெய்து, வெள்ளைப் பலகையும் முளைத்து, மண்டபம் மண்டபம் என்று யாரோ சிரிக்க, இவன் எந்த மூலையில் குடையில்லாமல் நிற்கிறானோ. என்ன குறை தன்னிடம் என்று அவன் எண்ணிப் பார்த்தான், முன்தலையில் வழுக்கை ஏறிவிட்டது, பேசினால் வீட்டுக்கடன், பள்ளிக்கூட பஸ், கேஸ் புக்கிங், கடைசியாக அவளை எப்போது மூக்கில் டீ ஏறுகிற மாதிரிச் சிரிக்கவைத்தான், ஞாபகமில்லை, ஞாபகமில்லாததையே ஒரு குறையாகச் சேர்த்துக்கொண்டான். அவள் சிரித்ததெல்லாம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. திங்கட்கிழமை கேன்டீனில் சிரித்தாள். அதைக் கண்ணாடி வழியே இவன் பார்த்தான். சாயங்காலம் ரிசப்ஷன் கௌரி, இன்னைக்கு வசுக்காவும் ரெஜினும் ஒரே சிரிப்புங்க சார் என்றாள். ராத்திரி வசுமதியே, அந்தப் பையன் இன்னைக்கு ஒண்ணு சொன்னான் பாருங்க என்று ஆரம்பித்துச் சிரித்தாள். சிரித்தது ஒரு தடவை. இவன் மனசில் மூன்றாகப் பதிவாகி, மூன்றும் சேர்ந்து தூக்கத்தைக் கெடுத்தன. தினமும் சிரிக்கிறார்கள் என்று முடிவுக்கு வந்துவிட்டான்.

வெளியே ரெஜின் எழுந்து தண்ணீர் ஜாடியைக் கொண்டுவந்து அவள் தம்ளரில் ஊற்றினான். அவள் நிமிர்ந்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, கண்ணாடி சத்தத்தை விழுங்கிவிட்டது. நன்றி என்று சொல்லியிருப்பாள், போதும் என்று சொல்லியிருப்பாள், இரண்டையும் நம்ப இவனால் முடியவில்லை. கை மவுஸுக்குப் போனது. பட்டியலில் வொர்க்கர்களின் எண்களை மேலிருந்து கீழ்வரை தேர்ந்தெடுத்தான், எக்செல்லில் ஒட்டினான், அடியில் கூட்டினான். தெரிந்தேதான் கூட்டினானா என்று கேட்டால், கை தெரிந்து செய்தது, மனசு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது, கல்யாண வீட்டில் ஒருத்தன் இன்னொருத்தன் செருப்பைப் போட்டுக்கொண்டு போகும்போது முகத்தை வைத்துக்கொள்வானே அப்படி. இருபத்துநாலு ஜிபிக்கு மேல் வந்தது. எண் பெரிதாக, கறுப்பாக, அழகாக இருந்தது. அவன் அதைச் சிவப்பாக்கினான். பழைய வாரத்தின் கூட்டுத்தொகையைப் பக்கத்தில் வைத்தான், அது பாதிகூட இல்லை. மெயில் கடகடவென்று வந்தது, இப்படி வேகமாக அவன் எழுதிப் பல மாதமாயிற்று. ரெஜின் செய்த மாற்றத்தால் நினைவகப் பயன்பாடு இரண்டு மடங்குக்கு மேல் ஆகியுள்ளது. காலையில் தளம் மெதுவானதற்கு இதுவே காரணம். உடனே பழையபடி மாற்ற வேண்டும். அடிப்படை புரியாமல் செய்யப்பட்ட வேலை. கடைசி வாக்கியத்தை அடித்தான், மறுபடி எழுதினான், அடிப்படை என்ற சொல்லில் ஒரு சுகம் இருந்தது. சாந்தகுமாருக்கு, நகல் வசுமதிக்கு. அவள் டீம் தலைவி, நகல் போடாமல் இருக்க முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அனுப்பிவிட்டான். போனது. பீன்ஸ் பொரியல் வாசனை திடீரென்று நன்றாக இருந்தது, மூடியைத் திறக்கக் கை நீட்டினான், அப்போதுதான் திரையின் மேல் ஓரத்தில் எப்போதும் இருக்கிற, எப்போதும் பார்க்கிற, இன்றைக்கு மட்டும் பார்க்காத அந்த வரி கண்ணில் பட்டது. இந்த சர்வரில் இருக்கிற மொத்த நினைவகம் பதினாறு ஜிபி. அதிலும் பாதி காலியாகக் கிடந்தது. பதினாறு படி கொள்கிற அண்டாவில் இருபத்துநாலு படி இருக்கிறது என்று கம்பெனிக்கே எழுதி அனுப்பியிருக்கிறான், சிவப்பு மையில். கை மூடிமேல் அப்படியே நின்றது. கண்ணாடிக்கு அப்பால் வசுமதி போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலால் கீழே தள்ளினாள், மேலே தள்ளினாள், நிறுத்தினாள். நிமிர்ந்து நேராக இந்த அறையைப் பார்த்தாள். தண்டபாணி சட்டென்று கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தான்.

கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கை கழுவிய ஈரம் போகவில்லை.

"கூட்டீட்டீங்களா?" என்றாள்.

அவன் ம் என்றான்.

"நீங்களா?"

"காலைல சைட் தொங்கிருச்சு வசு. அதுனால..."

"காலைல பேங்க்காரங்க பக்கம் பேமென்ட் தொங்குச்சு. எங்க தப்புதான், சரி பண்ணீட்டோம்னு அவங்களே அப்பவே மெயில் போட்டுட்டாங்க. உங்களுக்கும்தான் வந்துது, பார்க்கலீங்களா?"

அவன் பார்க்கவில்லை. காலையிலிருந்து அவன் பார்த்தது வேறு. அதை எப்படிச் சொல்வது, எந்த வாயால் சொல்வது.

"வேற ஆரு கூட்டியிருந்தாலும் தெரியாமக் கூட்டீட்டாங்கன்னு விட்டறலாம்" என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

"சார் பார்த்துட்டாரா?"

"இன்னும் சாப்ட்டுட்டு இருக்கறாரு. நானே இப்பப் பதில் போட்டிருப்பேன். நான் போட்டா அவனுக்குப் பரிஞ்சுட்டு வர்றேம்பீங்க. நீங்களே போடுங்க."

பரிஞ்சுட்டு. அந்தச் சொல்லில் எல்லாம் இருந்தது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது, நேற்று முந்தாநாள் இல்லை, எப்போதிருந்தோ தெரிந்திருக்கிறது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருப்பவன் அந்தப் பக்கத்தைப் பார்க்கலாம் என்றால் அந்தப் பக்கம் இருப்பவளும் பார்க்கலாம் என்கிற சின்ன விஷயம் சிஸ்டம் தெரிந்த இந்த மனுஷனுக்கு இத்தனை நாளும் தோன்றவில்லை. வெட்கம் கழுத்துவரை வந்தது. வெட்கத்துக்கு அடியில், கேட்டால் நம்ப மாட்டீர்கள், அந்தப் பாழாய்ப்போன எரிச்சல் இன்னமும் அணையாமல் கிடந்தது, அவன் என்று ஒருமையில் சொல்கிறாளே, அவனுக்கு என்று எவ்வளவு சுலபமாக வருகிறது.

"நீங்களாக் கேப்பீங்க, கேப்பீங்கன்னுதான் இருந்தேன்" என்றாள் வசுமதி. "சண்டைகூடப் போடுவீங்கன்னு பார்த்தேன். அந்தப் பையன் சோத்துல கை வைப்பீங்கன்னு நினைக்கல."

அவன் திரும்பிப் பதில் மெயிலைத் திறந்தான். முந்தைய மெயிலில் கொடுத்த கணக்கு தவறு. வொர்க்கர்களின் எண்களைக் கூட்டியிருக்கக் கூடாது. உண்மையில் ரெஜின் செய்த மாற்றத்தால் மொத்தப் பயன்பாடு குறைந்திருக்கிறது. காலைத் தாமதத்துக்குக் காரணம் வங்கியின் பக்கம். இதுவரைக்கும் விரல் தானாகப் போனது. தவறு நேர்ந்தது கவனக்குறைவால் என்று முடித்தான். தோளுக்குப் பின்னால் அவள் படித்துக்கொண்டிருந்தாள், மூச்சு காதில் பட்டது, சோப்பு வாசனை.

"கவனக்குறைவா? உங்களுக்கா?" என்றாள். "நான் இன்னைக்கு எத்தனை வாய் சாப்ட்டேன்னு கேட்டா கரெக்ட்டாச் சொல்லுவீங்க."

அந்த வரியை அழித்தான். தப்பு என்னுடையது என்று மட்டும் போட்டான். அனுப்பினான். கன்ஃபர்மேஷன் மீட்டிங் பிழைத்தது. சாந்தகுமார் இதைப் படித்துவிட்டு, என்னய்யா தண்டபாணிக்கே கணக்கு தப்புதா என்று நாலு பேர் முன்னால் சிரிப்பார், சிரிக்கட்டும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். அவள் போய்விடுவாள் என்று நினைத்தான். அவள் போகவில்லை. மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்பவாவது கேளுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கிட்டத்தட்டக் கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

தண்டபாணி அவளைப் பார்த்தான். எல்லாம் தொண்டைக்கு வந்து வரிசையில் நின்றன, அந்தச் சொல், அந்த மண்டபம், இரண்டாவது கரண்டி, அன்றைக்கு மழை பெய்ததா இல்லையா, என்னை உனக்கு இன்னும் பிடிக்கிறதா. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நின்றன. அவள் காத்திருந்தாள். அவன் வாயைத் திறந்தான்.

"சாப்ட்டயா?" என்றான்.

வசுமதி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சாப்ட்டேன்" என்றாள். அதைச் சொல்ல அவள் எடுத்துக்கொண்ட நேரத்துக்குள் அவன் வேறு எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம்.